வளாகத் திட்டம் டாக்ஸி நிறுத்தத்திலிருந்து தொடங்கட்டும்

புதிய வளாகத் திட்டம் என்று பல்கலைக்கழகங்கள் வெளியிடும் படங்களை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். கண்ணாடிக் கட்டடம், புல்வெளி, மர நிழலில் மடிக்கணினியோடு நாலு பிள்ளைகள். அந்தப் பிள்ளைகள் காலையில் எதில் ஏறி வந்தார்கள், இருட்டின பிறகு எப்படி வீடு போய்ச் சேருவார்கள் என்பதற்கு அந்தப் படங்களில் இடமே இருப்பதில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாழும் இந்திய வம்சாவளியினரான நாம் இதைச் சும்மா விடக்கூடாது. ஏனென்றால் நம்மைப் படிப்பிலிருந்து தள்ளிவைக்க இந்த ஊரில் பயன்படுத்திய முதல் கருவியே நிலம்தான்.

டர்பனின் பெரேயா மேட்டில், பின்னாளில் நேட்டால் பல்கலைக்கழகமான கல்லூரியின் ஹோவர்ட் காலேஜ் கட்டடம் 1931இல் திறக்கப்பட்டது. முதல் உலகப் போரில் இறந்த மகனின் நினைவாக ஒரு தந்தை கொடுத்த பணத்தில் எழுந்த அழகான கட்டடம், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் நம்மவர்கள் அங்கே உட்கார்ந்து படிக்க முடியாது. 1936இல் வெள்ளையர் அல்லாதவர்களுக்கென்று வகுப்பு தொடங்கியபோது அதை நடத்தியது கீழே டவுனில், சாஸ்திரி காலேஜில். நம் சமூகம் பணம் திரட்டிக் கட்டிய பள்ளிக்கூடம் அது. பகலில் மேட்டில் பாடம் நடத்திய ஆசிரியர்கள் அதே பாடத்தை மாலையிலும் வார இறுதியிலும் கீழே வந்து நடத்தினார்கள். ஒரே பாடம், ஒரே ஆசிரியர், நடுவில் ஒரு மேடு.

அப்புறம் 1959 சட்டம் வந்து பல்கலைக்கழகப் படிப்பில் ஒவ்வொரு இனத்துக்கும் தனி இடம் என்று ஆனது. இந்தியர்களுக்கான கல்லூரியை 1961இல் எங்கே திறந்தார்கள்? துறைமுகத்துக்குள் இருக்கும் சாலிஸ்பரி தீவில், கடற்படை விட்டுப்போன பழைய பாசறைகளில். எழுபதுகளில்தான் அது வெஸ்ட்வில் மலைச்சரிவுக்குப் போய் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம் ஆனது. மருத்துவக் கல்லூரி கதையும் இதே மாதிரிதான். 1951இல் தொடங்கிய அந்தக் கல்லூரியின் கறுப்பின மாணவர்களுக்கு விடுதி கொடுத்தது கல்லூரியிலிருந்து பல மைல் தள்ளி வெண்ட்வொர்த்தில், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்தில். இனவெறி ஆட்சியை எதிர்த்துப் போராடிய ஸ்டீவ் பீக்கோ தங்கிய விடுதியும் அதுதான். பிள்ளைகள் எங்கே தூங்குகிறார்கள், எந்தக் காற்றைச் சுவாசிக்கிறார்கள் என்பதும் வளாகத் திட்டத்தில் சேர்ந்ததுதான் என்று நான் சொல்வது இதனால்தான்.

2004இல் டர்பன்-வெஸ்ட்வில்லும் நேட்டால் பல்கலைக்கழகமும் இணைந்து குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகம் ஆயின. சட்டம் மாறியது, பெயர் மாறியது, யாரும் எங்கேயும் படிக்கலாம் என்றானது. பெரிய மாற்றம்தான், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மண் இருந்த இடத்திலேயே இருக்கிறது. எந்த இனம் எங்கே வாழலாம் என்று வகுத்த 1950இன் குரூப் ஏரியாஸ் சட்டம் நம்மை டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து கிளப்பித் தெற்கே சாட்ஸ்வர்த்திலும், பிறகு வடக்கே ஃபீனிக்ஸிலும் கொண்டுபோய் வைத்தது. ஆப்பிரிக்கர்களை உம்லாசிக்கும் குவாமாஷுவுக்கும் அனுப்பினார்கள். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று விடிகாலையில் முதலில் டவுனுக்கு ஒரு டாக்ஸி (பலர் சேர்ந்து போகும் சிறு வேன்), அங்கிருந்து மலைக்கு இன்னொரு டாக்ஸி என்று மாறி மாறி ஏறுகிறார்கள். இரண்டு டாக்ஸி என்றால் இரண்டு கட்டணம், போக வர நாலு.

என் அக்கா மகள் சாட்ஸ்வர்த்திலிருந்து தினமும் போய்வந்து படித்தவள். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே முக்கியம் இல்லை, எல்லாவற்றிலும் இதே நிலைதான். ராத்திரி வரைக்கும் நூலகம் திறந்திருக்கும், அருமையான நூலகம், ஆனால் பொழுது சாய்வதற்குள் கிளம்பாவிட்டால் டவுனில் அடுத்த டாக்ஸிக்குத் தனியாக நிற்க வேண்டும். அதனால் அந்த நூலகத்தின் மாலை நேரம் அவளுக்குக் கிடைக்கவே இல்லை. ஆய்வக வகுப்பு நீண்டுவிட்டால் பாதியில் எழுந்து வருவாள், மீதியைத் தோழிகளிடம் கேட்டு எழுதிக்கொள்வாள். மதிப்பெண் குறைந்தபோது வீட்டில் எல்லோரும் அவள் படிப்பைப் பற்றித்தான் பேசினார்கள், பேருந்து இல்லாததைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை.

சரி, வேறு மாதிரி செய்ய முடியுமா? முடியும், நம் ஊரிலேயே பாருங்கள். டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் எம்.எல்.சுல்தான் வளாகம் வார்விக் ஜங்ஷனுக்கு நடக்கிற தூரத்தில் இருக்கிறது. டாக்ஸி, பஸ், ரயில் எல்லாம் வந்து சேரும் இடம் அது, நாள் ஒன்றுக்கு நாலரை லட்சம் பேர் கடந்து போகிறார்கள் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. ஒப்பந்தக் கூலியாக வந்த ஒருவரின் பெயர் அந்த வளாகத்துக்கு இருக்கிறது, நம் சமூகம் காசு சேர்த்து வளர்த்த கல்லூரி. இட நெருக்கடி, சத்தம், திருட்டு பயம் எல்லாம் உண்டு. இருந்தாலும் டாக்ஸியிலிருந்து இறங்கிய பிள்ளை நடந்தே வகுப்புக்குப் போய்விடலாம், பக்கத்து மார்க்கெட்டில் மலிவாகச் சாப்பிடலாம். அந்தக் காலத்தில் கோயிலை ஒட்டிப் பள்ளிக்கூடம் கட்டிய நம் பெரியவர்களும் பிள்ளைகள் நடந்து வரும் தூரத்தைத்தான் முதலில் பார்த்தார்கள்.

ஜோகன்னஸ்பர்க்கில் ஆக்லாண்ட் பார்க்கில் 1975இல் திறந்த ராண்ட் ஆஃப்ரிகான்ஸ் பல்கலைக்கழக வளாகம் ஒரு பெரிய கான்கிரீட் வளையம், முகத்தை உள்பக்கம் திருப்பி முதுகை நகரத்துக்குக் காட்டி நிற்பது. இப்போது அது ஜோகன்னஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிறது, எல்லாத் தரப்புப் பிள்ளைகளும் படிக்கிறார்கள், ஆனால் அந்த வளையத்தை யாரால் நிமிர்த்த முடியும்? 2014இல் கிம்பர்லியில் தொடங்கிய சோல் பிளாட்ஜே பல்கலைக்கழகத்தை நகரத்தின் நடுவிலேயே, ஏற்கெனவே அங்கே இருந்த கட்டடங்கள் சிலவற்றையும் சேர்த்துக்கொண்டு அமைத்தார்கள். அதுதான் சரியான வழி என்பது என் எண்ணம்.

2015, 2016இல் கல்விக் கட்டணத்தை எதிர்த்து மாணவர்கள் நடத்திய போராட்டங்களுக்குப் பிறகு நாடு முழுக்கப் பல வளாகங்களில் வேலி உயர்ந்தது, சுழல் கதவும் அட்டையும் வந்தன. 2016இல் ஹோவர்ட் காலேஜ் சட்ட நூலகம் எரிந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த பயம் புரியும், எனக்கும் புரிகிறது. ஆனால் வேலி உள்ளே இருப்பவரைத்தான் காக்கும். நம் பிள்ளைகள் பயப்படுவது வாசலுக்கு வெளியே, விளக்கு இல்லாத நடைபாதையில், கூரை இல்லாத நிறுத்தத்தில். பிப்ரவரி மாதம், வகுப்பு தொடங்கும் நேரம், டர்பன் வெயிலும் மழையும் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்த நிறுத்தத்தில் ஒரு கூரையும் நாலு விளக்கும் போட எவ்வளவு ஆகிவிடப் போகிறது?

நம்மில் பட்டம் வாங்கியவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். பட்டதாரிகள் எல்லோரும் பல்கலைக்கழகத்தின் கன்வகேஷன் என்ற பட்டதாரி அவையில் உறுப்பினர்கள், கூட்டத்துக்குப் போய்க் கேள்வி கேட்க உரிமை உண்டு. மாநகராட்சியும் தன் வளர்ச்சித் திட்டத்தை வருஷாவருஷம் மக்கள் கருத்துக்கு வைத்தாக வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே கோரிக்கையை எழுதிக் கொடுப்போம்: அடுத்த கட்டடத்துக்குக் கல் வைப்பதற்கு முன், நூலகம் மூடும் நேரம் வரைக்கும் சாட்ஸ்வர்த்துக்கும் ஃபீனிக்ஸுக்கும் உம்லாசிக்கும் குவாமாஷுவுக்கும் நேராகப் போகும் பஸ் வேண்டும், தினமும் போய்வரும் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு வளாகத்தின் பக்கத்தில் விடுதி இடம் வேண்டும். யார் யார் வருகிறீர்கள் என்று கீழே சொல்லுங்கள், கடிதத்தை நான் எழுதித் தருகிறேன்.