"நர்ஸ்னா எல்லா வார்டும் ஒண்ணுதானே?"

2021 மே மாதம், இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, பிரசவ வார்டிலும் ஓபியிலும் இருந்த ஸ்டாஃப் நர்ஸ்களைக் கொண்டுபோய் கோவிட் ஐசியுவில் போட்டார்கள். அப்போது சொல்லப்பட்ட சமாதானம்தான் தலைப்பில் இருப்பது. வேறு வழியில்லாத நேரம், சரி. ஆனால் அடுத்த முறையும் இதையே சொல்லப்போகிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

வார்டு நர்ஸுக்கு ஐசியு வேலை தெரியாது என்பதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. வார்டில் பத்து வருடமாகச் சரியாகச் செய்த பழக்கம் அங்கே தப்பாகிவிடும்.

ஆன்டிபயாடிக் போடுமுன் லைனில் சலைன் ஏற்றி ஃப்ளஷ் செய்வது வார்டில் நல்ல பழக்கம். அதே லைனில், பிபியைத் தாங்கிப் பிடிக்கும் மருந்தான நார்அட்ரினலின் ஓடிக்கொண்டிருந்தால், குழாய்க்குள் நிற்கும் மருந்து மொத்தமும் ஒரே மூச்சில் உள்ளே போய் பிபி கிடுகிடுவென ஏறும். வார்டில் டிரிப் தீர்ந்த பிறகு அடுத்த பாட்டில் மாட்டலாம், ஒன்றும் ஆகாது. நார்அட்ரினலின் உடம்பில் நிற்பதே இரண்டு மூன்று நிமிடம். மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளும் பம்பில் சிரிஞ்ச் காலியாகி அலாரம் கத்திய பிறகு, இரட்டைக் கையுறையோடு ஆம்பியூல் உடைத்து 50 மில்லிக்குக் கலக்குவதற்குள் பிபி விழுந்துவிடும். 10 மில்லி மிச்சம் இருக்கும்போதே அடுத்த சிரிஞ்சைக் கலந்து, இரண்டாவது பம்பில் ஓடவிட்டு, அப்புறம்தான் முதல் பம்பை நிறுத்த வேண்டும். இதைச் சொல்லித்தர ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை ஒதுக்க ஆள்தான் இல்லை.

ஆக்சிஜனும் அப்படித்தான். வார்டில் மூக்குக் குழாயில் 2 முதல் 4 லிட்டர். அந்தக் கை, சிக்கனம் என்று நினைத்து பை வைத்த மாஸ்க்கிலும் 6 லிட்டருக்குக் குறைத்தால் பை சுருங்கிவிடும். நோயாளி விட்ட மூச்சையே திரும்ப இழுப்பார். 10 முதல் 15 லிட்டர் வேண்டும், பை உப்பியே இருக்க வேண்டும். சிடி ஸ்கேனுக்குக் கூட்டிப்போகும்போது 'சிலிண்டர் இருக்கு' என்பது கணக்கே இல்லை. நிரம்பிய பி டைப் சிலிண்டரில் ஏறக்குறைய 1,500 லிட்டர், அழுத்தம் காட்டும் கேஜ் 150 காட்டும். கேஜ் 50 என்றால் 500 லிட்டர்; நிமிடத்துக்கு 15 லிட்டர் போனால் அரை மணி நேரம். லிஃப்டுக்குக் காத்திருப்பதும் அதில்தான் சேர்த்தி.

வென்டிலேட்டர் நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் கணக்கு. பேரிடரில் அது நடக்காது. அப்போது புதிதாக வந்தவரிடம் தனியாக இரண்டு நோயாளிகளை ஒப்படைப்பதைவிட வேலையைப் பிரிப்பது மேல். பம்ப், வென்டிலேட்டர், தொண்டை வழியாகப் போட்ட மூச்சு டியூப் எல்லாம் ஐசியு நர்ஸ் கையில். திருப்பிப் படுக்க வைப்பது, வாய் சுத்தம், ஃபீடிங், யூரின் அளவு, சார்ட் எல்லாம் வார்டு நர்ஸ் கையில். இந்த வேலைகளில் பல நேரம் அவர்கள் கைதான் தேர்ந்த கை.

அப்புறம், போட்ட ஐசியுவிலேயே ஒரு மாதமாவது விட்டு வையுங்கள். வாரத்துக்கு ஒரு யூனிட் என்று மாற்றினால் சளி உறிஞ்சும் சக்‌ஷன் கத்தீட்டர் எந்த டிராயரில் இருக்கிறது என்று தேடுவதிலிருந்து எல்லாம் மறுபடி முதலில் இருந்துதான்.