சத்தத்தைக் குறையுங்கள், ஸ்டவுட் வந்திருக்கிறது

மதுரையில் ஒரு பாருக்குள் நுழைந்தால் நான் முதலில் மெனு அட்டையைப் பார்ப்பதில்லை. ஒலிபெருக்கியை எங்கே மாட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கிறேன். அதற்கு நேர் கீழே இடம் காட்டினால் வேறு மேசை கேட்பேன். வேறு மேசை இல்லையென்றால் ஒரு சோடா குடித்துவிட்டு எழுந்துவிடுவேன். கூட வருகிற நண்பர்கள் இதைப் பந்தா என்கிறார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல் ஸ்டவுட் என்கிற கறுப்பு பீரைப் பற்றி மட்டும் எழுதப்படும் விமர்சனம் அரைகுறை விமர்சனம் என்பது என் கட்சி.

முதலில் ஒரு வதந்தியைத் தீர்த்துக்கட்டிவிடுகிறேன். கறுப்பாக இருப்பதால் ஸ்டவுட் தலைக்கேறும் என்று இங்கே பலரும் நம்புகிறார்கள். உலகம் முழுக்கப் பேர் வாங்கிய அயர்லாந்து ஸ்டவுட்டான கின்னஸ் டிராட்டில் ஆல்கஹால் 4.2 சதவீதம்தான். நம் ஊரில் வெளிர்மஞ்சள் நிறத்தில் அப்பாவியாக வந்து உட்காரும் 'ஸ்டிராங்' பீர்களில் 8 சதவீதம் வரை இருக்கிறது. நிறத்துக்கும் போதைக்கும் சம்பந்தமே இல்லை. முளைகட்டிய பார்லியோடு, முளைகட்டாத பார்லியைக் கரியாகிவிடுமோ என்று பயப்படும் அளவுக்கு வறுத்துச் சேர்க்கிறார்கள். அந்த வறுப்பிலிருந்துதான் கறுப்பும் வருகிறது, காப்பி மாதிரியான கசப்பும் வருகிறது. கருப்பட்டி போட்ட கடுங்காப்பி ஆறிய பிறகு அடிநாக்கில் ஒரு கசப்பு நிற்குமே, அதற்கு அடுத்த வீடு இது.

'வெயில் ஊருக்கு இதெல்லாம் ஒத்துவராது' என்று ஒரு வாதம் உண்டு. சித்திரை வெயிலில் வெந்துகொண்டே இதைச் சொல்பவர்களுக்கு என் பதில்: நைஜீரியா. 1960-களின் தொடக்கத்திலேயே அங்கே இகேஜாவில் கின்னஸ் ஆலை வந்துவிட்டது. ஜமைக்காவிலும் ஸ்டவுட் குடிக்கிறார்கள். அவ்வளவு தூரம் எதற்கு? மதுரையில் விமானம் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கொழும்பு. அங்கே லயன் ஸ்டவுட் என்று ஒன்று இருக்கிறது, 8.8 சதவீதம். இது நிஜமாகவே தலைக்கேறும், எச்சரிக்கை. அந்த நிறுவனத்தின் வேர் 19-ஆம் நூற்றாண்டு நுவரெலியாவில் இருக்கிறது. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் நம்மைவிடக் குளிரில் வாழ்கிறவர்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவர்களும் நம்மைப் போலக் காரம் தின்கிறவர்கள், வியர்க்கிறவர்கள். ஆக, வெயிலைச் சாக்காகச் சொல்ல வேண்டாம்.

இனி மதுரை நிலவரம். குழாயில் பிடித்துத் தரும் ஸ்டவுட் இங்கே என் கண்ணில் பட்டதில்லை. கிடைக்கிற ஓரிரு இடங்களில் பாட்டில், அல்லது இறக்குமதியான 440 மி.லி. கேன். பைன்ட் என்பது 568 மி.லி. என்பதால் 'ஒரு பைன்ட்' என்று நாம் சொல்வதே கொஞ்சம் கற்பனைதான். பரவாயில்லை. கேன் வந்தால் அதற்குள் ஒரு சிறிய பிளாஸ்டிக் உருண்டை இருக்கும். காலிக் கேனை ஆட்டினால் கடகடவென்று சத்தம் கேட்கும். உள்ளே ஏதோ விழுந்துவிட்டது என்று புகார் செய்ய எழுந்த ஒருவரை நானே கையைப் பிடித்து உட்காரவைத்திருக்கிறேன். விட்ஜெட் என்று அதற்குப் பெயர். 1988-இல் கின்னஸ் கேனில் அது சந்தைக்கு வந்தது. கேனைத் திறந்த நொடியில் அதிலிருந்து நைட்ரஜன் பீறிட்டு, குழாயில் பிடித்தது போன்ற நுரையைக் கிளப்பிவிடுகிறது. நைட்ரஜன் யோசனையே அதற்கும் முந்தையது. 1959-இல் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் மைக்கேல் ஆஷ் என்கிற கணிதக்காரர். கார்பன் டை ஆக்சைடு குமிழி பெரிது, நாக்கில் சுருக்கென்று குத்தும். நைட்ரஜன் குமிழி பொடிப்பொடியானது, அதனால்தான் நுரை பாலாடை மாதிரி நிற்கிறது.

குழாய் என்றால் கிளாஸை 45 டிகிரி சாய்த்து முக்கால் பங்கு ஊற்றி, அடங்கும்வரை காத்திருந்து, பிறகு மீதியை ஊற்றுவார்கள். முழுச் சடங்குக்கும் 119.5 நொடி என்று கணக்குச் சொல்கிறது கம்பெனி. கேனுக்கு அத்தனை ஆசாரம் வேண்டாம், ஒரே சீராக ஊற்றினால் போதும். ஊற்றியதும் கிளாஸின் ஓரத்தைப் பாருங்கள். குமிழிகள் மேலே போகாமல் கண்ணாடியை ஒட்டிக் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். கண்மயக்கம் இல்லை. அயர்லாந்தின் லிமெரிக் பல்கலைக்கழகத்தார் 2012-இல் இதற்குக் கணக்குப் போட்டு விளக்கம் தந்தார்கள்: கிளாஸ் மேலே அகன்று கீழே ஒடுங்கியிருப்பதால் நடுவில் குமிழி கூடி மேலேறுகிறது, ஓரத்தில் திரவம் கீழிறங்குகிறது, பொடிக்குமிழிகளை அது கையோடு இழுத்துக்கொண்டு போகிறது. நம் பார்களில் இந்தக் காட்சி நடக்கும்போது பணியாளர் தம்பி பெரும்பாலும் பக்கத்தில் நின்று, 'ஐஸ் போடட்டுமா சார்?' என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

போடக்கூடாது தம்பி. 6, 7 டிகிரி குளிர்ச்சி போதும். அதற்கும் கீழே போனால் நாக்கு மரத்துப்போய், கிடைப்பது கறுப்புத் தண்ணீர்தான்.

பெயர் சொல்லாமல் மூன்று இடங்களைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் சொன்னால் அடுத்த வாரமே பாட்டை மாற்றிவிடுகிறார்கள், நல்லதையும் சேர்த்து.

ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதியில் ஒரு பழைய விடுதி. பாருக்குள் மங்கல் வெளிச்சம், ரெக்சின் கிழிந்த சோபா, சுவரில் எந்தக் காலத்திலோ மாட்டிய இரண்டு மரப்பெட்டி ஒலிபெருக்கிகள். எண்பதுகளின் இளையராஜா பாடல்கள் ஒன்றன்பின் ஒன்றாக, எதிரே இருப்பவர் பேசுவது கேட்கிற அளவில் ஓடுகின்றன. மேலாளருக்கும் ராஜா பைத்தியம் என்று நினைக்கிறேன், பாட்டை நடுவில் வெட்டுவதே இல்லை. ஆனால் கிளாஸை உறைபெட்டியிலிருந்து பனி படிந்தபடியே எடுத்து வருகிறார்கள், விளிம்பில் ஒரு எலுமிச்சைத் துண்டு வேறு. எலுமிச்சையைச் செருக வேண்டும் என்று இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஸ்டவுட்டுக்குப் பத்துக்கு ஐந்து, பாட்டுக்கு எட்டு.

அழகர்கோவில் சாலையில் ஒரு நட்சத்திர விடுதி. துபாயில் சில காலம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர் அங்கே ஊற்றுகிறார். கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து, சோப்பு வாடை இருக்கிறதா என்று முகர்ந்துவிட்டுத்தான் கேனைத் திறக்கிறார். நுரை விரல் கனத்துக்கு நிற்கிறது. கடைசி வாய்வரை ஒவ்வொரு மடக்குக்கும் ஒரு வளையம் கண்ணாடியில் படிகிறது. சுத்தமான கிளாஸ் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. சனிக்கிழமைகளில் ஒரு பெண் கீபோர்டு துணையோடு பாடுகிறார். நல்ல குரல், கீழ்ச்சுருதியில் நிதானமாகப் பாடுகிறார். அவருக்குப் பின்னால் தாளத்தை மட்டும் மெஷினிடம் விட்டுவிட்டார்கள். அதுதான் டப்டப்பென்று குறுக்கே விழுகிறது. ஸ்டவுட்டுக்கு எட்டு, பாட்டுக்கு ஏழு. விலையைப் பார்த்தால் அடுத்த மாதம்வரை மறுபடி போகத் தோன்றாது. அங்கே மட்டன் சுக்கா சொல்லுங்கள். மிளகும் வறுத்த கறியும் ஸ்டவுட்டின் கரிந்த வாசனையோடு சேர்ந்துகொள்கிற மாதிரி சிக்கன் 65 ஒருநாளும் சேராது.

மூன்றாவது, பைபாஸ் பக்கம் புதிதாகத் திறந்த ஒன்று. நீலமும் ஊதாவுமாக விளக்கு, நான்கு திரைகளில் கிரிக்கெட், அதற்கு மேல் டி.ஜே. ஆர்டர் எடுக்க வந்தவரிடம் கைச்சாடையில் கறுப்பு என்று காட்ட வேண்டியிருந்தது. அவர் ரம் கொண்டுவந்தார். பிறகு வந்த ஸ்டவுட் என்ன சுவை என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மேசை அதிர்ந்த அதிர்ச்சியில் நுரை அடங்கிப்போனது மட்டும் நினைவிருக்கிறது. பாட்டுக்கு முட்டை. ஸ்டவுட்டுக்கு மதிப்பெண் போட நான் தயாராக இல்லை, அது தேர்வே எழுதவில்லை.

அந்தச் சத்தம் ரசனைக் கோளாறால் வந்தது என்று நெடுநாள் நினைத்திருந்தவர்கள் நம்மில் பலர். அதில் வியாபாரக் கணக்கும் இருக்கிறது. 2008-இல் பிரான்ஸில் நிக்கோலா கெகன் என்கிற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் இரண்டு பார்களில் சனிக்கிழமை இரவுகளில் பாட்டின் ஒலியை ஒருமுறை 72 டெசிபலிலும் ஒருமுறை 88 டெசிபலிலும் வைத்து, 40 இளைஞர்கள் பீர் குடிப்பதைக் கவனித்தார்கள். சத்தம் கூடியபோது ஒரு கிளாஸைக் காலிசெய்யும் நேரம் சராசரி பதினாலரை நிமிடத்திலிருந்து பதினொன்றரை நிமிடமாகக் குறைந்தது, ஆர்டரும் கூடியது. பேச முடியாதவன் குடிக்கிறான், வேறென்ன செய்வான்? அவசரமாகக் குடிப்பவனுக்கு விற்பதற்கு லாகர் என்கிற வெளிர்மஞ்சள் பீர் போதும். ஸ்டவுட் அப்படி வேகமாக இறங்காது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும், வெதுவெதுப்பாக ஆக ஆகத்தான் சுவையும் திறக்கும். ஆகவே சத்தமான பாருக்கு ஸ்டவுட் குடிப்பவன் நஷ்டம் தருகிற வாடிக்கையாளர். அவர்கள் நம்மைக் கவனிக்காததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

சத்தத்தின் அளவு மட்டும் என்றில்லை, சுருதியும் நாக்கில் விளையாடுகிறது. ஆக்ஸ்ஃபோர்டின் சார்ல்ஸ் ஸ்பென்ஸ் குழு 2012-இல் ஒரே மிட்டாயை இரண்டு விதமான இசையைக் கேட்டபடி சாப்பிடச் சொன்னது. கீழ்ச்சுருதி இசையின்போது அது கசப்புக் கூடியதாகவும், மேல்சுருதியின்போது இனிப்புக் கூடியதாகவும் தெரிந்தது. இதைப் படித்த பிறகுதான் ரயில் நிலையப் பக்கத்து பாரில் அந்தப் பனி படிந்த கிளாஸிலும் கொஞ்சம் சுவை தெரிந்ததன் காரணம் புரிந்தது. ராஜாவின் பாடல்களில் கீழ்ச்சுருதியில் ஒலிக்கும் பேஸ் கிட்டார் தாளத்துக்கு முட்டுக்கொடுத்துவிட்டு ஒதுங்குவதில்லை. அடியில் தனியாக ஒரு மெட்டுப் போட்டுக்கொண்டு நடக்கும். பண்ணைப்புரத்துக்காரர் ஸ்டவுட்டை நினைத்து மெட்டமைத்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் கசப்போடு அந்த நடை பொருந்துகிறது, என் நாக்கு சாட்சி.

மதுரைக்காரனுக்குச் சத்தம்தான் பிடிக்கும், கூம்பு ஒலிபெருக்கி கேட்டு வளர்ந்தவன் என்பார்கள். திருவிழாவில் தெரு முழுக்கக் கேட்க வேண்டிய நாதஸ்வரமும் தவிலும் உரக்க ஒலிப்பது நியாயம். அது திறந்தவெளி வாத்தியம். நாலு சுவருக்குள் அதே கணக்கைப் போடுவதுதான் அநியாயம். இதே ஊரில்தான் 1916-இல் எம்.எஸ். சுப்புலட்சுமி பிறந்தார். மேல அனுமந்தராயன் கோவில் தெருவில் அவர் வளர்ந்த வீடு, நான் மேலே சொன்ன முதல் பாரிலிருந்து நடந்துபோகும் தூரம்தான். மணி ஐயர், சோமு என்று ஊர்ப்பெயரை முன்னால் போட்டுக்கொண்டு பாடியவர்களின் கச்சேரிகளை இரவு வெகுநேரம் உட்கார்ந்து கேட்ட ஊர் இது. கேட்கத் தெரியாதவர்கள் என்று நம்மைச் சொல்லிவிட முடியாது.

அயர்லாந்துத் தலைநகர் டப்ளினில் பழக்கம் வேறு. பப்பின் ஒரு மூலை மேசையைச் சுற்றி வாசிப்பவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். பிடில், புல்லாங்குழல், தோல் கட்டிய ஒரு கைப்பறை, எதிலும் மைக் கிடையாது. மெரியன் ரோ தெருவில் ஓ'டோனஹூஸ் என்ற பப்பில் அப்படி உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தவர்கள்தான் 1962-இல் 'தி டப்ளினர்ஸ்' குழுவானார்கள். கேட்க விரும்புபவர் பக்கத்தில் நகர்ந்து உட்காருகிறார், அரட்டைக்காரர் தள்ளி உட்காருகிறார். (அதே ஊரில்தான் ஆர்தர் கின்னஸ் 1759-இல் ஆண்டுக்கு 45 பவுண்டு வாடகையில் 9,000 ஆண்டுக் குத்தகை எழுதினார். நாம் பதினோரு மாத ஒப்பந்தம் போட்டால் பத்தாம் மாதமே வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.)

எனக்கு ஓர் ஆசை உண்டு. மானாமதுரை பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே வனையும் கடம் கனமானது, சுவர் தடித்தது. அந்த ஊர் மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஒரு மூலையில் ஒரு கடம், ஒரு வயலின், மைக் வேண்டாம். கடத்தின் வாயை வயிற்றோடு அணைத்து வாசிக்கும்போது எழும் அந்தக் கீழ்நாதத்துக்கும் ஸ்டவுட்டுக்கும் கல்யாணமே செய்துவைக்கலாம். கச்சேரி வாத்தியத்தைக் குடிக்கிற இடத்துக்குக் கொண்டுவருவதா என்று சிலர் கோபப்படுவார்கள். கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறும் சத்தத்துக்கு நடுவே, யாரும் திரும்பிக்கூடப் பார்க்காமல் அதே வித்வான்களை மூன்று மணி நேரம் வாசிக்கவிடும்போது இந்தக் கோபம் எங்கே போகிறது?

அழகர்கோவில் சாலை விடுதி மேலாளரிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். தாள மெஷினை நிறுத்துங்கள், மாதம் ஒரு சனிக்கிழமை கடம் வையுங்கள் என்றேன். மனிதர் பொறுமையாகக் கேட்டார். 'கூட்டம் வருமா சார்?' என்றார். ஸ்டவுட் குடிக்கிறவர்கள் வருவார்கள் என்றேன். 'அது உங்களையும் சேர்த்து எத்தனை பேர்?' என்றார். பதில் சொல்ல முடியவில்லை. ஆனாலும் கடம் வாசிப்பவர் என்ன கேட்பார் என்று விசாரித்தார். நான் தொகையைச் சொன்னேன், அவர் பாதியைச் சொன்னார். பேரம் நடந்துகொண்டிருக்கிறது. இருபத்தொரு வயது தாண்டியவர்கள், ஆட்டோவில் வந்து ஆட்டோவில் திரும்பத் தயாராக இருப்பவர்கள், ஸ்டவுட்டில் ஐஸ் கேட்காதவர்கள் கீழே பெயரைப் பதிவு செய்யுங்கள். அடுத்த முறை அவரிடம் தலை எண்ணிக்கையைக் காட்ட வேண்டும்.