தேக்குக்காட்டு மழையும் சோலைக்காட்டு மழையும்

போன ஆடியில் ஆனைமலையில் இருக்கிற டாப்சிலிப் போயிருந்தோம். தேக்குக்காட்டில் நடக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. மரத்தடியில் ஒதுங்கினால், வெட்டவெளியைவிட அங்கேதான் அடி பலமாக இருந்தது. பொட்டுப்பொட்டென்று மண்டையில் விழுந்தது. குனிந்து பார்த்தேன். சின்னச் சின்னக் கற்கள், விரற்கடை உயர மண்தூண்களின் மேல் உட்கார்ந்திருந்தன. கல் மறைத்த மண் மட்டும் மிஞ்சியிருக்கிறது, சுற்றிலும் கரைந்துவிட்டது. என் வேட்டியில் முழங்கால் வரை சேறு.

மேகத்திலிருந்து வரும் துளி பெரும்பாலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். முறம் மாதிரி விரிந்த தேக்கிலை அவற்றைச் சேர்த்து 4, 5 மில்லிமீட்டர் துளியாகச் சொட்டுகிறது. 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலே அது ஏறக்குறைய முழு வேகத்தை எட்டிவிடும். நடுவில் தாங்க ஒரு புதர்கூட இல்லை.

அப்புறம் வழிகாட்டியோடு பக்கத்தில், பல வகை மரங்கள் தானாக வளர்ந்து நிற்கும் கரியன் சோலைக்குள் நுழைந்தோம். அதே மழை. மேலே இரைச்சல், கீழே நசநசப்பு மட்டும். உச்சிக்கிளையில் பட்ட துளி நடுமரத்தில் உடைந்து, மிளகுக்கொடியில் வழிந்து, செடியில் தங்கி, சருகுக்குள் இறங்குகிறது. இலைகளிலேயே தங்கி ஆவியாகிற பங்கும் உண்டு, அந்த அளவுக்குத் தரைக்கு வரும் தண்ணீர் குறையும்தான். ஆனால் வந்த தண்ணீர் மண்ணுக்குள் போகிறது. மண்ணை வாரிக்கொண்டு ஓடுகிற தண்ணீரால் யாருக்கு என்ன லாபம்?

மரம் வெட்டி மொட்டையான அந்த மலையில் தேக்கை மறுபடி வளர்த்தெடுத்தவர் ஆங்கிலேயர் கால வன அதிகாரி ஹ்யூகோ வுட். அவர் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது, கும்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். ஆனாலும் ஒரே மரம் நிற்கிற இடத்தைக் காடு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சீனாவின் ஜியாங்சியில் 2009, 2010-ல் ஒரு மரவகை முதல் 24 வகை வரை கலந்து நட்டு ஆராய்கிறார்கள். அங்கே இலையிலிருந்து விழும் துளி தரையில் மோதும் ஆற்றலை அளந்தபோது மரத்துக்கு மரம் வித்தியாசம் தெரிந்தது. இலையின் அகலம், மரத்தின் உயரம், கீழ்க்கிளை எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, எல்லாமே கணக்கு. அதனால் வகைகளின் எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் போதாது, நெட்டையும் குட்டையும் கலந்து நிற்க வேண்டும்.

எங்கள் ஊரில் மரம் நடும் விழா என்றால் ஒரே வகை நாற்று லாரி லாரியாக வந்து இறங்கும். எத்தனை ஆயிரம் என்பதுதான் பேச்சு. இந்த முறை ஏரிக்கரைச் சரிவில் நாவல், புங்கன், பூவரசு, அடியில் நொச்சி, ஆடாதொடை என்று கலந்து நடப்போகிறோம். நொச்சிக் குச்சி கிடைத்துவிட்டது. நாவல் நாற்று யாரிடமாவது இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.