1098 கல்யாணத்தை நிறுத்த மட்டும் இல்லை

மேலே ஒருவர், குழந்தைகளுக்கான உதவித் தொலைபேசி எண்ணைப் பற்றி, "1098 குழந்தைத் திருமணத்துக்கு மட்டும்தான், பள்ளியில் கேலி, அடி என்றால் கண்டுகொள்ள மாட்டார்கள்" என்று எழுதியிருக்கிறார். அது சரியில்லை. நம்ம தர்மபுரிப் பக்கம் அந்த எண் பேப்பரில் வருவதே கல்யாணத்தை நிறுத்திய செய்தியோடுதான், அதனால் அப்படிப் பதிந்துபோயிருக்கும். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு எந்தத் தொல்லை என்றாலும் கூப்பிடலாம். காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள். பெற்றோர்தான் பேச வேண்டும் என்றில்லை, பிள்ளையே பேசலாம்.

படிப்பு ஏறவில்லை, பரீட்சை என்றாலே பயம், அடுத்து என்ன படிப்பது என்றால் பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417 இருக்கிறது. 2018-இலிருந்து நடக்கிறது. ரிசல்ட் கேட்கிற எண் என்று நினைத்துவிடாதீர்கள்.

என் மகள் பாலக்கோட்டில் எட்டாவது படிக்கிறாள். அவள் புத்தகத்தின் முன்பக்கத்தில் இரண்டு எண்களும் ஊதா மையில் முத்திரையாக இருக்கின்றன. பஸ்ஸில் சிலர் தினமும் பையைப் பிடித்து இழுத்ததில் ஜிப்பே பிய்ந்துவிட்டது. "தானா பிஞ்சுதுப்பா" என்றே மூன்று வாரம் சொன்னாள். நான் அந்த முத்திரையைக் காட்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

முடிந்தால் அந்தக் கருத்தைத் திருத்திவிடுங்கள், பிள்ளைகளும் இதைப் படிக்கிறார்கள்.