“பிந்திப் போச்சு” எண்டு சொன்ன அண்ணைக்கு

சனிக்கிழமை நடந்தது வந்திருந்த ஆக்களுக்குத் தெரியும். வராத ஆக்களுக்கும் இதுக்குள்ளை ஆரும் சொல்லியிருப்பினம், யாழ்ப்பாணம்தானே. அதாலை முழுக்கதையும் எழுதேல்லை. எங்கட கூட்டத்திலை நான் போட்ட, அமெரிக்கப் பாடகி கிம் டீலின்ர பாட்டு பாதியிலை நிக்க, முன் கதிரையிலை இருந்த அண்ணை திரும்பிப் பாத்து, “63 வயசிலை முதல் தனி அல்பமோ? நல்லாப் பிந்திப் போச்சு. பேரப்பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடுற வயசெல்லே” எண்டார். எல்லாரும் சிரிச்சினம். நானும் சிரிச்சன். நான் சிரிச்சதுதான் மூண்டு நாளா என்னை அரிக்குது.

அண்டைக்குச் சொல்லாததை இண்டைக்கு எழுதுறன். கோபத்திலை எழுதேல்லை. சரி, கோபத்திலைதான். ஆனால் ரெண்டு தேத்தண்ணி குடிச்சு ஆறின கோபம்.

கிம் டீல் பிந்தி வரேல்லை. அவ 1986 இலையே வந்திட்டா. நாங்கள்தான் அவவை வேற ஆக்களின்ர பேருக்குப் பின்னாலை நிப்பாட்டி வைச்சுப் பாத்தனாங்கள்.

பொஸ்டனிலை ஒரு பேப்பர் விளம்பரம் பாத்துப் போனவ. பேஸ் கிற்றார் வாசிக்க ஆள் தேவை எண்ட விளம்பரம். அதைப் பாத்து வந்த ஒரேயொரு ஆள் இவதான். கையிலை பேஸும் இல்லை, முந்தி அதை வாசிச்சதும் இல்லை. (எங்கட ஊர் விளம்பரமெண்டால் ஐஞ்சு வருச அனுபவம் கேட்டிருப்பினம்.) அப்பிடித்தான் பிக்ஸீஸ் எண்ட றொக் குழுவுக்குள்ளை போனவ. அந்தக் குழுவின்ர முதல் ரெண்டு வெளியீட்டிலையும் இவவின்ர பேரைத் தேடிப் பாருங்கோ, கிடையாது. “மிஸிஸ் ஜோன் மேர்பி” எண்டு கிடக்கும். அப்பத்தைய புருசன்ர பேர். பகிடிக்குத்தான் போட்டவ, புருசன்ர பேரையே தன்ர பேரெண்டு சொல்லுற வழக்கத்துக்கு அடிச்ச பகிடி. நாங்கள் இண்டைக்கும் அதைப் பகிடியில்லாமல் கலியாணக் காட்டிலை அச்சடிக்கிறம்.

பிக்ஸீஸிலை அவவின்ர பாட்டுக்கு இடம் கம்மி. அவவை இன்னும் எழுத விட்டிருக்கவேணும் எண்டு நிர்வாணா குழுவின்ர பாடகர் கேர்ட் கொபேனே சொன்னவர். இடம் கிடைக்காமல் போக, தனக்கெண்டு பிரீடர்ஸ் எண்ட குழுவைத் துவங்கினா. 1990 இலை முதல் அல்பம். 1993 இலை பிக்ஸீஸ் உடைஞ்ச செய்தி அவவுக்கு எப்பிடி வந்தது தெரியுமோ? ஃபக்ஸிலை. ஒரு தாள். அதே வருசம் பிரீடர்ஸின்ர ரெண்டாவது அல்பம் வந்தது; அடுத்த வருசம் அமெரிக்காவிலை பத்து லட்சம் எட்டிப் பிளாட்டினம் அடிச்சது. பிறகு பிக்ஸீஸ் திரும்பச் சேந்து ஊர் ஊராப் போக, இவவும் போய், 2013 இலை போதுமெண்டு விலகினா. 2024 இலை பொப் பாடகி ஒலிவியா ரொட்ரிகோ, இருபத்தொரு வயசுப் பிள்ளை, தன்ர மேடைக்கு முன்னாலை பாட பிரீடர்ஸைக் கூப்பிட்டுது. அந்தக் கார்த்திகையிலைதான் “நோபடி லவ்ஸ் யூ மோர்” வந்தது, முதல்தரமா கிம் டீல் எண்ட பேர் மட்டும் போட்ட அல்பம்.

இதிலை எங்கை பிந்தினது? எனக்கு விளங்கேல்லை, வடிவா ஆரும் சொல்லுங்கோ.

“உலகமே நல்லதெண்டு எழுதின அல்பம், அதுக்கு நீ ஏன் வக்காலத்து வாங்குறாய்” எண்டு ஒரு தம்பி வெளிக்கிடேக்கை கேட்டவன். நியாயமான கேள்வி. நல்லாத்தான் எழுதினவை. ஆனால் அந்தப் பாராட்டுகளை ஒருக்கா நிதானமா வாசி தம்பி. எத்தினை இடத்திலை வயசு வருது எண்டு பார். “இந்த வயசிலையும்” எண்டு தமிழிலை சொல்லுவமே, அந்த “யும்” இலைதான் எனக்குப் பிரச்சினை. எழுபது வயசு நாதஸ்வர வித்துவான் திருவிழாவிலை மூச்சு வாங்கி வாங்கி வாசிச்சால் “ஞானம் பேசுது” எண்டு சால்வை போடுறம். அங்கை “யும்” வராது. ஒரு மனுசிக்கு மட்டும் வரும்.

“இவ பெண்ணியம் கதைக்கத் துவங்கீட்டா” எண்டு இப்ப ஆரோ முணுமுணுக்கிறது கேக்குது. முணுமுணுங்கோ.

அல்பத்திலை குறையே இல்லையெண்டு நான் சொல்லேல்லை. பதினொரு பாட்டு, ஒண்டுக்கொண்டு சம்பந்தமில்லாத மாதிரித்தான் இருக்கு. துவக்கப் பாட்டிலை வயலின் கூட்டம் பழைய படப் பாட்டு மாதிரி எழும்புது, அடுத்ததிலை ஊதுகுழல், பிறகு திடீரெண்டு மெசின் தாளம். அந்த மெசின் தாளப் பாட்டு ஒண்டு எனக்கும் ஒட்டேல்லை, தாண்டித்தான் போறனான். ஆனால் ஒரே மாதிரிப் பத்துப் பாட்டுப் போட்டிருந்தால் “பழைய பல்லவி” எண்டிருப்பியள். பழைய பல்லவி எண்ட உடனை ஞாபகம் வருது, “2013 இலை சின்ன இசைத்தட்டிலை விட்ட பாட்டைத் தூசு தட்டித் திரும்பப் போட்டிருக்கிறா” எண்டும் அண்ணை சொன்னவர். ஓம், ரெண்டு பாட்டு அப்பிடித்தான். பதினொரு பாட்டிலை ரெண்டு. நீங்கள் ஒவ்வொரு பொங்கலுக்கும் அதே கவிதையை வாசிக்கேக்கை நான் ஏதும் சொன்னனானோ அண்ணை?

நாங்களே பெரிய திறம் மாதிரி. எங்கட பொப் பாடகர் நித்தி கனகரத்தினத்தை எங்கையாவது மேடையிலை கண்டால் சனம் என்ன கேக்கும்? “சின்ன மாமியே”. அந்த மனுசன் அதுக்குப் பிறகு என்ன செய்தவர், என்ன பாடினவர் எண்டு ஒருத்தரும் கேளாயினம். ஒரு பாட்டைப் பிடிச்சு வைச்சுக்கொண்டு பாடகரை அதுக்குள்ளை வைச்சுப் பூட்டிப்போடுறது எங்கட ரசனை. பிறகு அவை வேறயொண்டோடை வந்தால் “பிந்திப் போச்சு”.

“யாழ்ப்பாணத்திலை இருந்துகொண்டு இந்த வெள்ளைக்கார மனுசிக்கு ஏன் அழுறாய்” எண்டு கேக்கிற ஆக்களுக்கு ஒரு கதை. 94 ஆம் ஆண்டு, சண்டைக் காலம். 90 ஆனியிலை போன கறண்ட் வரேல்லை. பற்றறிக்குத் தடை. கொழும்பிலையிருந்து கிளாலிக் கடலாலை இரவிலை வந்த மாமி, ரொறன்ரோவிலை இருந்த மச்சாள் எனக்கெண்டு அனுப்பின கசற் ஒண்டைச் சவுக்காரத்துக்குள்ளை வைச்சுக் கொண்டுவந்தா. சைக்கிளைத் தலைகீழா நிப்பாட்டி, அண்ணா பெடலைக் கையாலை சுத்த, டைனமோவிலை றேப் றெக்கோடர் பாடும். அதுதான் 93 இலை வந்த அந்தப் பிரீடர்ஸ் அல்பம். பேஸ் ஒண்டு தனியத் துவங்கும், ஆரோ படியாலை உருண்டு இறங்கி வாற மாதிரி. அண்ணா களைச்சால் பாட்டும் களைக்கும். அவவின்ர குரல் ஆம்பிளைக் குரலாகிப் போகும். அண்ணா மூச்செடுத்துத் திரும்பச் சுத்த, அவவும் திரும்பப் பொம்பிளையாகுவா. அப்ப நான் வட இலங்கை சங்கீத சபையின்ர வீணைப் பரீட்சைக்குப் படிச்சுக்கொண்டிருந்தன். அம்மா குசினிக்குள்ளையிருந்து “உது என்ன அலறல்” எண்டு கேப்பா. ஆனால் நிப்பாட்டச் சொன்னதில்லை.

95 ஐப்பசி இடப்பெயர்விலை கசற் போச்சு. வீட்டுக் கூரையும் போச்சு. கன வருசத்துக்குப் பிறகு கொழும்பிலை அந்தப் பாட்டைச் சரியான வேகத்திலை கேட்டன். பிழையாப் பட்டது. எனக்கு இண்டைக்கும் அண்ணா களைச்ச வேகம்தான் சரி.

அதாலை அந்த மனுசியை ஆரோ எண்டு என்னாலை நினைக்கேலாது.

இனி, “இவ்வளவு வருசமா என்ன செய்தவ” எண்ட கேள்வி. அதுவும் அண்டைக்கு வந்தது, ஆர் கேட்டதெண்டு சொல்லேல்லை. என்ன செய்தவ? ஒஹாயோவிலை டேற்றன் எண்ட தன்ர ஊருக்குத் திரும்பிப் போய், மறதி வருத்தம் வந்த தாயைப் பாத்தவ. சனிக்கிழமை நீங்கள் பாதியிலை கதைச்சுக் குழப்பின பாட்டு அதைப் பற்றினது. தாய் ஒருநாள் வீட்டு நடையிலை மகளை மறிச்சு, நீ என்ர பிள்ளையோ எண்டு கேட்டிருக்கிறா. அந்தக் கேள்விதான் பாட்டின்ர தலைப்பு. “ஆர் யூ மைன்”. தமிழிலை எழுதிப் பாத்தால் எங்கட “ஆர்” தான் முன்னுக்கு நிக்குது.

என்ர அம்மா முப்பது வருசம் கணக்குப் படிப்பிச்சவ. 2014 இலை நான் கொழும்பு வேலையை விட்டிட்டு வரேக்கை அவவுக்கு ஆக்களின்ர பேர் மட்டும்தான் மறந்திருந்தது. பிறகு கிழமை, பிறகு சாப்பிட்டது. ஒரு விடிய நான் கஞ்சிக் கோப்பையோடை விறாந்தைக்கு வாறன், கதிரையிலை இருந்து வடிவாப் பாத்திட்டுக் கேட்டா, “பிள்ளை, நீ ஆற்ற பிள்ளை?”

படலையடியிலை வந்து நிக்கிற பிற பிள்ளையை இந்த ஊரிலை எல்லாரும் கேக்கிற கேள்வி அது. அதே குரல். எனக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை. அம்மாவின்ர பேரைச் சொல்லி, அந்த ரீச்சரின்ர மகள் எண்டன்.

“அவவின்ர மகளோ? நல்ல மனுசி. சுகமா இருக்கிறாவோ?”

“ஓம் அம்மா. சுகமா இருக்கிறா.”

கஞ்சியைக் குடிச்சா.

எட்டு வருசம். அதுக்குள்ளை நான் என்ன செய்தனான் எண்டு ஆரும் கேட்டால் காட்டுறதுக்கு ஒரு தாளும் இல்லை. அலுமாரிக்குள்ளை பதினாலு சிறுகதை கிடக்குது, பாதி 2010 க்கு முந்தி எழுதினது. அம்மாவின்ர ஆட்டத்திவசம் முடிஞ்ச கையோடை, தொகுப்பாப் போடலாமோ எண்டு ஒருத்தரிட்டைக் கேட்டன். “அப்ப போட்டிருக்கவேணும் தங்கச்சி. இப்ப பிந்திப் போச்சு” எண்டார். சாப்பாடு நல்லாயிருக்கெண்டும் சொன்னார். அவர் ஆரெண்டு அவருக்குத் தெரியும். சனிக்கிழமையும் அவர் பாவிச்சது அதே ரெண்டு சொல்லுத்தான்.

இப்ப “ஓ, இது உன்ர சொந்தப் பிரச்சினை” எண்டு சொல்லுவியள். ஓம். சொந்தப் பிரச்சினை இல்லாமல் ஆர் பாட்டுக் கேக்கிறவை?

வாற சனிக்கிழமையும் நான் வருவன். அதே பாட்டைத்தான் போடுவன், இந்தமுறை கடைசி வரைக்கும். அண்ணை, நீங்களும் வாங்கோ. முன் கதிரையிலையே இருங்கோ. தேத்தண்ணி நான் ஊத்துறன். உங்களுக்குச் சீனி போடக்கூடாதெண்டு எனக்குத் தெரியும்.