தகரப் பெட்டியும் கடவுச்சொல்லும்

நீலகிரியின் பந்தலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயம் ஒன்றில், சிவன் மன்மதனை எரித்த கதையை மாசியில் நடிக்கும் காமன் கூத்துக் குழுவின் தகரப் பெட்டியைச் சென்ற மாதம் திறந்து பார்த்தேன். ஒன்பது வி.எச்.எஸ். கேசட்டுகள், நூலால் கட்டிய நான்கு கொப்பிகள், மன்மதனின் மனைவி ரதியாக வேடமிடுபவரின் ஒரு ஜோடிச் சலங்கை ஆகியவை அதில் இருந்தன. நோட்டுப் புத்தகத்தை இன்றும் கொப்பி என்றே சொல்லும் அம்மக்கள், இந்தியாவும் இலங்கையும் 1964-இல் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையின் தலைமன்னாரில் கப்பலேறி வந்து நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆவர். கேசட் ஒன்றின் சிறு சன்னல் வழியே பார்த்தபோது, நாடாவின் விளிம்பு நெடுகிலும் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்தது. மறைந்த கூத்து வாத்தியார் ரதியின் புலம்பலைத் தம் குரலில் பாடிய ஒரே பதிவு அதில்தான் இருக்கிறது என்றார்கள்.

இந்தக் குழுவுக்கு டிஜிட்டல் உதவி முன்பே வந்திருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனம் ஒரு நாள் பயிற்சி நடத்தி, அழகான இணையதளம் ஒன்றையும் அமைத்துக் கொடுத்தது. ஆண்டுதோறும் பணம் கட்டி முகவரியைப் புதுப்பிக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லிவைக்காததால், இன்று அந்த முகவரியைத் தட்டினால் சூதாட்ட விளம்பரம் வருகிறது. முகநூல் பக்கத்தைத் தொடங்கிய இளைஞர் தம் சொந்தக் கைப்பேசி எண்ணில் அதைத் திறந்திருந்தார். வேலைக்காகத் திருப்பூர் போனவர் எண்ணையும் மாற்றிவிட்டார், கடவுச்சொல்லும் அவரோடு போய்விட்டது. பழைய அழைப்பிதழே அந்தப் பக்கத்தின் முகப்பில் நிற்பதால், சென்ற மாசியில் கோயம்புத்தூரிலிருந்து கூத்துப் பார்க்க வந்த இருவர் காமன் தகனம் முடிந்த மறுநாள் வந்து இறங்கினார்கள். அவர்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவைத்ததைக் குழுவின் செயலாளர் என்னிடம் சொன்னபோது, தவறு தங்களுடையது என்பதுபோலவே சொன்னார். அவர் அப்படி நினைக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கலைக் குழுக்களுக்கு உதவ வருகிறவர்கள் பெரும்பாலும் இணையதளத்திலும் நேரலையிலும் தொடங்குகிறார்கள். அந்தத் தகரப் பெட்டியில் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இரண்டு பருவமழையும் பெய்யும் மலை இது. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. இந்த ஈரத்தில் காந்த நாடா நெடுங்காலம் தாங்காது. வி.சி.ஆர். தயாரித்துவந்த கடைசி நிறுவனமும் 2016-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டதால், நாடா பிழைத்தாலும் அதை ஓட்டும் கருவி அரிதாகிக்கொண்டே போகிறது. மூன்று மணி நேரக் கேசட்டைக் கணினியில் ஏற்ற மூன்று மணி நேரம் முழுதாக உட்கார்ந்தே ஆக வேண்டும். பூஞ்சை பிடித்த ஒன்றைத் துடைக்காமல் கருவிக்குள் விட்டால், அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பூஞ்சை தொற்றிவிடும். பொறுமை கேட்கும் இந்த வேலைக்குத்தான் ஆளும் பணமும் தேவைப்படுகின்றன.

கொப்பிகளின் கதை வேறு. அவற்றிலிருந்த பாடல்களைப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கணினியில் தட்டச்சு செய்திருக்கிறார். ஆனால் அக்காலத்துத் தனி எழுத்துருவில் அடித்ததால், இன்றைய கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரிந்தன. யூனிகோடுக்கு மாற்றும் இலவசக் கருவிகள் இணையத்தில் கிடைப்பதால், ஒரே மாலையில் பெரும்பகுதியை மீட்டுவிட்டோம். தப்பு என்னும் பறையை அடிக்கும், பார்வை மங்கிய கலைஞர் ஒருவர், மாற்றிய பாடலைப் பேத்தியின் கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கி, விரலால் தள்ளித் தள்ளி வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார். மன்மதன் விடைபெறும் இடத்தில் நிறுத்தி, இங்கே இரண்டு அடி விட்டுப்போயிருக்கிறது என்றார். கொப்பியைப் புரட்டினோம். தாள் மடிந்த இடத்தில் அந்த இரண்டு அடிகளும் இருந்தன.

எதைப் பொதுவெளியில் வைப்பது என்ற முடிவு ஆடுகிறவர்களுடையது. நீலகிரிப் பழங்குடியினரான தோடரின் பூத்தையலுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது; அந்தத் தையலின் படத்தை வலையேற்றும்போதும் தைத்த பெண்களைக் கேட்டே ஏற்ற வேண்டும். இன்னொரு பழங்குடியினரான கோத்தரின் சடங்கு இசையைக் கைப்பேசியில் பிடித்துச் சுற்றுலாக் காட்சியாகப் பகிர்வதை என்னால் ஏற்க இயலவில்லை. இந்தக் கூத்துக் குழுவும் தகனத்தின் இறுதிப் பகுதியை வெளியிட வேண்டாம் என்று கூடிப் பேசி முடிவெடுத்தது. பந்தலூரில் நான் கண்ட மிகத் தெளிவான டிஜிட்டல் முடிவு அதுதான். அவர்கள் வெளியிட்ட நான்கு நிமிடத் தப்பிசையை யூடியூபின் தானியங்கி முறை ஓர் இசை நிறுவனத்தின் உடைமை என்று குறித்தபோது, பயந்துபோய் வீடியோவையே அழித்துவிட்டார்கள். மறுப்புத் தெரிவிக்க வழியுண்டு என்று சொல்ல அன்று பக்கத்தில் ஒருவர் இருந்திருந்தால் போதும். பயிற்சிச் சான்றிதழ் அந்த நேரத்தில் உதவவில்லை.

எனவே நிதி தருகிறவர்களிடம் நான் கேட்பது இது. புதிய டேப்லெட்டுகளுக்குச் செலவிடும் தொகையில், மாதம் இரண்டு நாள் லயத்துக்கே வந்து உட்காரும் ஒருவருக்கு ஓராண்டுச் சம்பளம் கொடுங்கள். அவர் தாமே எல்லாவற்றையும் செய்துவிடாமல், குழுவில் இரண்டு பேராவது கற்றுக்கொள்ளும்வரை கூட இருக்கட்டும். மின்னஞ்சல் குழுவின் பெயரில், குழுவின் எண்ணில் இருக்க வேண்டும். முகநூல் பக்கத்துக்கு மூன்று நிர்வாகிகள் வேண்டும். மூலப் பதிவுகளை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அவை சுருங்கித் தரம் குறையும் என்பதால், இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் வைத்து ஒன்றை மழை அதிகம் தாக்காத வேறு ஊரில் வைக்க வேண்டும். கடவுச்சொற்களை எழுதிய தாள் இப்போது அந்தத் தகரப் பெட்டியில், சலங்கைக்கு அடியில் இருக்கிறது.

எட்டுக் கேசட்டுகளை ஏற்றி முடித்துவிட்டோம். வாத்தியாரின் குரல் உள்ள ஒன்பதாவதை இன்னும் எந்தக் கருவியிலும் போடவில்லை. பூஞ்சை பிடித்த நாடாவைப் பிரித்துத் துடைத்துப் பழக்கமுள்ளவர் உதகையிலோ குன்னூரிலோ கோயம்புத்தூரிலோ இருந்தால், தயவுசெய்து உள்பெட்டியில் தெரிவியுங்கள். வரும் மாசிக்குள் முடிக்க விரும்புகிறோம். செயலாளரும் என்னுடன் வருவார். கேசட் அவர் கையில்தான் இருக்கும்.