அந்தக் காணொளியில் நடப்பது மயோசின் அல்ல, கைனெசின்

"மயோசின் புரதம் எண்டார்பின் (மகிழ்ச்சியோடு தொடர்புபடுத்தப்படும் வேதிப்பொருள்) உருண்டையை மூளைக்கு இழுத்துச் செல்கிறது, நீங்கள் பார்ப்பதுதான் மகிழ்ச்சி" என்ற குறிப்போடு சமூக ஊடகங்களில் பல ஆண்டுகளாகச் சுற்றிவரும் காணொளி, நுண்ணோக்கியில் பதிவான காட்சியே அல்ல. ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர்களுக்காக 2006-இல் வெளியான கணினி அசைபடத்தின் ஒரு துண்டு அது. அதில் நடப்பது, உயிரணுவுக்குள் சரக்குச் சுமக்கும் கைனெசின் என்னும் புரதம். அது இழுப்பது சவ்வாலான பை. நடக்கும் பாதை, உயிரணுவுக்குள் தண்டவாளம்போல் நீளும் நுண்குழாய் என்னும் புரதக் குழல். மயோசின் இயங்குவதோ ஆக்டின் என்னும் வேறொரு புரதத்தாலான இழைகளின் மீது. நரம்பணுக்களில் இத்தகைய பைகளைக் கைனெசின்கள் சுமப்பது உண்மைதான் என்றாலும், ஒரு பை நகர்வதாலேயே மகிழ்ச்சி பிறந்துவிடாது.

கைனெசினின் உண்மையான பணி இந்தக் கற்பனையைவிட வியப்புக்குரியது. முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை ஏறக்குறைய 1 மீட்டர் நீளும் நரம்பிழையின் நுனிக்கு வேண்டிய, ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவையும் புரதங்களையும், அடிக்கு ஏடிபி என்னும் ஓர் ஆற்றல் மூலக்கூறைச் செலவிட்டு, 8 நானோமீட்டர் அடிகளாக எடுத்துவைத்துக் கைனெசின்களே கொண்டு சேர்க்கின்றன. ஒரு மீட்டரைக் கடக்க 12.5 கோடி அடிகள் தேவை! சிதைவுகளையும் வளர்ச்சிக் காரணிகளின் சமிக்ஞைகளையும் டைனீன் என்னும் மற்றொரு புரதம் நரம்பணுவின் உடல்பகுதிக்குத் திருப்பி எடுத்து வருகிறது.

இப்போக்குவரத்து தடைப்பட்டால் நீண்ட நரம்பிழைகளே பெரும்பாலும் முதலில் நலிகின்றன. கேஐஎஃப்5ஏ என்னும் கைனெசின் மரபணுவில், புரதத்தின் நடக்கும் பகுதியைக் கெடுக்கும் மாற்றங்கள் கால்கள் விறைத்து நடை தளரும் பரம்பரை நோயை உண்டாக்குகின்றன. வால் பகுதியைக் கெடுக்கும் மாற்றங்களுக்கு ஏஎல்எஸ் என்னும் இயக்க நரம்பணு நோயோடு தொடர்பிருப்பது 2018-இல் கண்டறியப்பட்டது.